சிவப்புக் கோட்டுக்காரி

என் அக்கா லோர்னா செத்துப்போன மூன்றாம் நாள், அவள் முகம் தெரிகிற போட்டோ ஒன்றுகூட அந்த வீட்டில் உருப்படியாக இல்லை என்பது தெரியவந்தது. போட்டோவே இல்லாத வீடு என்றால் போகட்டும் என்று விடலாம். அங்கே மாடிப்படி ஏறினால் போட்டோ, கழிவறையில் உட்கார்ந்தால் எதிரே போட்டோ. எல்லாம் அவள் கணவன் நெவில் எடுத்தவை. ஒவ்வொன்றையும் வெள்ளை அட்டைக்குள் வைத்து, கண்ணாடி போட்டு, மூலையில் பென்சிலால் கையெழுத்தும் போட்டிருப்பான்.

நெவில் எங்கள் ஊர்க் கேமரா சங்கத்தில் பெரிய தலை. மலை, ஏரி, மூடுபனி, இவைதான் அவன் சமாச்சாரம். மலையும் ஏரியும் மட்டும் இருந்தால் படம் செத்துக்கிடக்கும், அளவு தெரிய நடுவில் ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் சிவப்பு உடுத்தியிருந்தால் பார்க்கிறவன் கண் நேரே அங்கே போகும் என்பது சங்கத்துக்காரர்களுக்கு வேதவாக்கு. அதற்கென்றே காரின் பின்பெட்டியில் ஆளுக்கொரு சிவப்பு மழைக்கோட்டு வைத்திருப்பார்கள். நெவிலின் சிவப்புக் கோட்டுக்குள் முப்பது வருஷம் இருந்தவள் என் அக்கா. அந்த ஆள் கேமராவைப் பார்க்கக் கூடாது என்பது இன்னொரு வேதவாக்கு. பார்த்துவிட்டால் அது குடும்பப் படமாகிவிடுமாம். ஆகவே அவள் எல்லாப் படத்திலும் முதுகைக் காட்டிக்கொண்டு, விரல்நகம் அளவில், எங்கேயோ நடந்து போய்க்கொண்டே இருப்பாள்.

கடைசியில் அவளுக்கே அது பழகிவிட்டது. பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளில் யாராவது போனைத் தூக்கினால் போதும், தானாகவே திரும்பிக்கொள்வாள். அவள் மகள் ஹெதர் அபர்டீனிலிருந்து வந்து, தன் போனை முழுக்கத் துழாவிப் பார்த்தாள். கேக்குக்குப் பின்னால் அம்மாவின் ஒரு காது கிடைத்தது. கல்யாணப் படத்தில் இருந்தது இருபத்திரண்டு வயதுப் பெண், முகத்தில் பாதி முக்காடு. பாஸ்போர்ட் படத்தைப் பார்த்தால் கடையில் திருடிப் பிடிபட்டவள் மாதிரி இருந்தாள்.

"அட்டைக்குப் படம் இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள வேணுமாம், சித்தி," என்றாள் ஹெதர். "அடக்கத்துக்காரங்க ரெண்டு தடவை போன் பண்ணிட்டாங்க."

தகன மண்டபத்துக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கிற அட்டையைத்தான் சொன்னாள். உள்ளே பாட்டும் ஜெபமும் இருக்கும். முன்பக்கத்தில் போனவரின் முகம் இருக்கும். எங்கள் ஊரில் யாரும் அதைத் தூக்கி எறிவதில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கடிகாரத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைப்பார்கள், வருஷக்கணக்கில் அங்கேயே இருக்கும். அதில் எந்த முகம் இருக்கிறதோ, இனிமேல் அதுதான் ஊருக்கு லோர்னா. அதை நெவில் கையில் விட்டுவிடக் கூடாது என்றுதான் காலையிலேயே போய் உட்கார்ந்திருந்தேன்.

என்னிடம் ஒரு படம் இருந்தது. போன கோடையில் நாங்கள் இரண்டு பேரும் மோர்கம் கடற்கரைக்கு பஸ்ஸில் போனபோது எடுத்தது. அவள் மீனும் சிப்ஸும் தின்றுகொண்டிருந்தாள். ஒரு கடற்காக்கை பாய்ந்து வந்து, வாய்க்குக் கொண்டுபோன சிப்ஸைத் தட்டிப் பறித்துக்கொண்டு போனது. போன் கையிலேயே இருந்தது, அமுக்கிவிட்டேன். திரும்பிக்கொள்ள அவளுக்கு நேரமில்லை. வாய் முழுக்கத் திறந்து, கண் இடுங்கி, மூக்கு சுருங்கி, உடம்பே குலுங்கச் சிரிக்கிறாள். அவள் சிரித்தால் அப்படித்தான் இருக்கும். சத்தம்கூட எனக்குக் கேட்கும்.

படத்தை ஹெதருக்குக் காட்டினேன். பார்த்ததும் அழ ஆரம்பித்தாள். "அம்மா," என்றாள், அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து நெவில் உள்ளே வந்தான். கையில் பெரிய சட்டம் ஒன்று இருந்தது. சாப்பாட்டு மேஜையில் இருந்த தேநீர்க் கோப்பைகளை முழங்கையால் ஒதுக்கிவிட்டு அதை வைத்தான். எது என்று பார்க்காமலே எனக்குத் தெரியும். பட்டர்மியர் ஏரி. காலைப் பனி, ஒற்றை மரம், தண்ணீரோரம் கூழாங்கல்லில் நடந்துபோகிற சிவப்புக் கோட்டு. தங்கப் பதக்கம் வாங்கிய படம்.

"இதுதான் போகணும்," என்றான். "நான் எடுத்ததுலயே இதுதான் நல்ல படம். அவளை எடுத்ததுலயும் இதுதான்."

"இதுல அவ எங்க இருக்கா?" என்றேன்.

"இங்கதான், மாக்ஸ். மூணுல ஒரு பங்கு தள்ளி, வலது பக்கம். கண்ணு தெரியலன்னா கண்ணாடி போட்டுக்க."

"முதுகைத்தானே காட்டிட்டுப் போறா. எல்லாரும் பாட்டுப் பாடிட்டு இந்த முதுகப் பாத்துதான் அழணுமா?"

ஹெதர் என் போனை அப்பாவிடம் நீட்டினாள். "சித்திகிட்ட இது இருக்குப்பா."

அவன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தான். மனைவி செத்து மூன்று நாள் ஆன மனிதன் அவளுடைய சிரிப்பைப் பார்க்கிறானே, ஏதாவது அசையும் என்று நானும் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. சங்கத்தில் புது உறுப்பினரின் படத்தைப் பிரிக்கிற அதே குரலில் ஆரம்பித்தான்.

"கடல் சாஞ்சிருக்கு. தண்ணி முழுக்க இந்தப் பக்கம் வழிஞ்சுடும். தலைக்கு மேல குப்பைத்தொட்டி முளைச்சிருக்கு, தொப்பி மாதிரி. வானம் வெளுத்து ஒண்ணுமே இல்ல. இது என்ன, மூலையில, பன்னிக்குட்டி மாதிரி?"

"என் கட்டைவிரல்."

"அது ஒண்ணுதான் தெளிவா விழுந்திருக்கு." போனைக் கவிழ்த்து வைத்தான். "இது படம் இல்ல மாக்ஸ். ஸ்நாப். எதிர்ல என்ன கெடந்துதோ அதை அமுக்கிட்டு வந்திருக்க. எதிர்ல இருக்கறத எடுத்தா ஸ்நாப். எடுக்கறவன் என்ன பாக்கறானோ, அதை எடுத்தாதான் படம்."

"நான் என் அக்காவப் பாத்தேன், நெவில். வேற என்னத்தப் பாக்கணும்?"

"அதான் சொல்றேனே. சங்கத்துலேருந்து இருபது பேர் வருவாங்க. அவங்க கையில இந்தக் குப்பைத்தொட்டியைக் குடுக்கச் சொல்றியா? என் பொண்டாட்டியோட அட்டையில?"

"உனக்குக் கெட்ட பேரு வந்துடும். அதானே கவலை?"

"அப்பா, சித்தி, ரெண்டு பேரும் கொஞ்சம்..." என்றாள் ஹெதர். அவளை யார் கேட்டார்கள்?

நெவில் சட்டத்தின் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்தான். "இதை நடுவர் என்ன சொன்னார்னு உனக்கு ஞாபகம் இருக்கா? நீயும்தான் அன்னிக்கு வந்திருந்தியே."

எப்படி மறக்கும்? மெத்தடிஸ்ட் கோயில் கூடத்தில், செவ்வாய்க்கிழமை, வருஷாந்திரப் போட்டி. வெளியூர் நடுவர் ஒருவர் வருவார். படங்களை ஒவ்வொன்றாக விளக்குக்கு அடியில் தாங்கியில் வைப்பார்கள். யார் எடுத்தது என்று சொல்ல மாட்டார்கள். எடுத்தவன் மூச்சுவிடாமல், தனக்கு ஒன்றும் சம்பந்தமில்லாதது போல உட்கார்ந்திருக்க வேண்டும். புகழ்ந்தாலும் சரி, கிழித்துத் தோரணம் கட்டினாலும் சரி, முகத்தில் காட்டக் கூடாது. அன்றைக்கு நடுவர் இந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். "இதை யார் எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாது," என்றார். "ஆனா அந்தப் பொம்பளைய அவருக்கு நல்லாத் தெரியும். முகத்தையே காட்டாம அவ யாருன்னு சொல்லிட்டார். அந்தத் தோளைப் பாருங்க, அந்த நடையைப் பாருங்க. பல வருஷம் கூட வாழ்ந்த கண்ணுக்குத்தான் இது தெரியும். ஸ்நாப்புக்கும் படத்துக்கும் இதாங்க வித்தியாசம்." இருபதுக்கு இருபது போட்டார். நெவில் கல்லாக உட்கார்ந்திருந்தான், காது மட்டும் பீட்ரூட் நிறத்தில் இருந்தது.

நானும் லோர்னாவும் அப்போது சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தோம். சங்கத்து மனைவிமார்களுக்கு அதுதான் வேலை, நான் அக்காவுக்கு ஒத்தாசை. நடுவர் தோளைப் பாருங்கள் என்றபோது லோர்னா கோப்பை துடைக்கிற துணியை வாய்க்குள் திணித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் குழாயைத் திறந்துவிட்டேன், எங்கள் சிரிப்புச் சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று.

நெவில் அந்த வார்த்தைகளைத் தலைகீழாக மனப்பாடம் செய்திருந்தான். மேஜையருகே நின்று, ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தான். தோள், நடை, கூட வாழ்ந்த கண். பிறகு என்னைப் பார்த்து, "உங்கிட்டப் போய்ச் சொல்றேன் பாரு. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை," என்றான்.

நான் இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவள். குடிகாரன், பள்ளிக்கூடத்துக் காலிப்பயல், எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன், திருப்பியும் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்தக் கழுதை உள்ளே எங்கேயோ போய்க் குத்தியது. சொல்லக் கூடாது என்று வைத்திருந்தது வாய்க்கு வந்துவிட்டது.

"அது லோர்னா இல்ல," என்றேன். "அது நான்."

"எது நீ?"

"அந்தத் தோள். அந்த நடை. இருபதுக்கு இருபது. நான்தான் நெவில், உன் கோட்டுக்குள்ள. அன்னிக்கு அவளுக்குக் குதிகால்ல கொப்புளம். கோட்டைக் கழட்டி எங்கிட்டக் குடுத்து, 'நீ போடி, அவனுக்குக் கோட்டு இருந்தாப் போதும்'னா. நீ அந்தப் பக்கம் ட்ரைபாடோட கூத்தடிச்சிட்டிருந்த. கையைக் கையை ஆட்டி, இடது பக்கம் போ, வலது பக்கம் போன்னு கத்தின. நான் போனேன்."

நெவில் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை அது. "வயித்தெரிச்சல். அவ செத்த வீட்லயும் உனக்கு இதே புத்தி. நாப்பது வருஷம் கூட இருந்தவன் நான். எனக்குத் தெரியாதா, எது அவன்னு?"

"காலைப் பாரு."

"என்ன?"

"நடுவர் தோளைப் பாத்தார். நீ காலைப் பாரு. மஞ்சள் கயிறு போட்ட பூட்ஸ் யாரோடது? வெளியில உன் வீட்டு வாசல்லதான் கழட்டிப் போட்டிருக்கேன்."

அவன் நம்பாமல்தான் மாடிக்குப் போனான். நாங்களும் பின்னால் போனோம். கணினியைப் போட்டு, அந்தப் படத்தைத் திறந்து, பெரிதாக்கினான், இன்னும் பெரிதாக்கினான். மரம் போயிற்று, தண்ணீர் போயிற்று, கோட்டு போயிற்று. திரை முழுக்க இரண்டு பூட்ஸ் நின்றன. மஞ்சள் கயிறு, அதில் ஒன்று அவிழ்ந்து கல்லில் இழுபட்டுக்கொண்டிருந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான் அவிழும்.

நான் ஜெயித்துவிட்டேன். இதற்காகத்தான் எத்தனை வருஷம் காத்திருந்தோம், நானும் அவளும். கிறிஸ்துமஸில் அவன் பதக்கத்தைப் பற்றி ஆரம்பிக்கும்போதெல்லாம் மேஜைக்கு அடியில் ஒருத்தி காலை ஒருத்தி மிதிப்போம். அவனுக்கு அறுபத்தைந்து ஆகும்போது சொல்லலாம் என்றிருந்தோம், பிறகு எழுபது என்று தள்ளினோம். சொல்லியாகிவிட்டது. திரும்பிப் பார்த்துச் சிரிக்க ஆள் இல்லை. எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் என்று இருந்த ஒன்றை ஒரு சண்டைக்குச் செலவழித்துவிட்டேன். என் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

நெவில் திரையைப் பார்த்தபடியே கேட்டான். "அப்போ அவ எங்க இருந்தா?"

"கார்ல."

"கார் எங்க இருந்துச்சு?"

"உனக்குப் பின்னால. ரோட்டோரம். நீதானே நிறுத்தின."

"எனக்குப் பின்னாலயா?"

"கூப்பிடு தூரம். திரும்பினா தெரிஞ்சிருப்பா."

"என்ன பண்ணிட்டிருந்தா?"

"என் சாண்ட்விச்சைத் தின்னுட்டிருந்தா. காலைத் தூக்கி முன்னாடி கண்ணாடிப் பக்கம் போட்டுக்கிட்டு. அப்புறம் ஜன்னலை இறக்கி என்னைப் பாத்துக் கத்தினா. 'இடுப்பை ஆட்டி நடடி, என்னைய மாதிரி, இல்லன்னா கண்டுபிடிச்சுருவான்'னு. கத்திட்டு அவளே விழுந்து விழுந்து சிரிச்சா."

அவன் நாற்காலியில் சாய்ந்தான். "சிரிப்பு கேட்டுச்சு," என்றான். "பனி கலையுதேன்னு நான் பதட்டத்துல இருந்தேன். யாரோ சுத்திப்பாக்க வந்தவங்கன்னு நெனச்சேன். திரும்பாமலே சத்தம் போடாதீங்கன்னு கையக் காட்டினேன்."

அது எனக்கும் தெரியாது. தூரத்திலிருந்து அவன் கை ஆடியது தெரிந்தது, என்னைத்தான் இன்னும் தள்ளிப் போகச் சொல்கிறான் என்று நினைத்துத் தள்ளிப் போனேன்.

ஹெதர் கீழே இறங்கிப் போய், யாரையும் கேட்காமல், மோர்கம் படத்தை அடக்கத்துக்காரர்களுக்கு அனுப்பினாள். அவள் திரும்பி வந்து சொன்னபோது நெவில், "தலைக்கு மேல இடமே இல்லையே அதுல," என்றான். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அடக்கத்தன்று மழை. சங்கத்துக்காரர்கள் சங்கத்து டையோடு வந்து ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்தார்கள். அட்டையை வாங்கியதும் அத்தனை பேரும் ஒரே மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள், சாய்ந்த கடலை நேராக்கிப் பார்க்கிறார்களாம். எனக்கு எழுந்துபோய் ஒவ்வொருவன் தலையிலும் தட்ட வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர்களைத் தவிர மற்ற எல்லோரும், லோர்னாவோடு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், எல்லோரும் அட்டையைப் பார்த்ததும் முதலில் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அழுதார்கள்.

பிறகு பௌலிங் மைதானத்துக் கூடத்தில் தேநீர். சங்கத் தலைவர் ராட்னி கையில் ஹாம் சாண்ட்விச்சோடு நெவிலிடம் வந்து நின்றார். "மனசுக்குக் கஷ்டமா இருக்கு நெவில். நல்ல மனுஷி," என்றார். அத்தோடு போயிருக்கலாம். "அட்டையில அந்தக் குப்பைத்தொட்டி. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷத்துல அழிச்சுக் குடுத்திருப்பேனே. அந்த விரலையும்தான்."

"ராட்னி," என்றான் நெவில், "வாய மூடிட்டுப் போறியா?"

ராட்னி போனார். நெவில் நேரே என்னிடம் வந்தான். அந்த வாரத்தில் அவன் என்னிடம் கேட்டது ஒரே விஷயம்தான். போனில் கேட்டான், பூக்கடையில் கேட்டான், தகன மண்டபத்து வாசலில் காருக்காக நின்றபோதும் கேட்டான். அன்றைக்குக் காரில் அவள் வேறு என்ன செய்தாள், வேறு என்ன சொன்னாள். எந்தக் கால் மேலே எந்தக் கால், ஜன்னலை முழுக்க இறக்கினாளா, பாதியா. நாற்பது வருஷம் கேட்காததை எல்லாம் ஒரு வாரத்தில் கேட்டான். நான் வெடுக்வெடுக்கென்றுதான் பதில் சொன்னேன், ஆனாலும் சொன்னேன்.

"வேற ஏதாவது சொன்னாளா மாக்ஸ்? நல்லா யோசிச்சுச் சொல்லு."

யோசிக்க வேண்டியதே இல்லை. சொன்னாள். கோட்டைக் கழற்றிக் கொடுக்கும்போது நான் அவளைப் பார்த்துக் கேட்டேன். முடி சீராகச் சுருட்டிவிட்டு, உதட்டுச் சாயம் போட்டு, முத்துத் தோடும் போட்டிருந்தாள், விடியற்காலையில், நடுங்குகிற குளிரில். முதுகைப் படம் எடுக்கிறதுக்கு எதுக்கடி இவ்வளவு அலங்காரம் என்றேன். அவள் காரின் கண்ணாடியைப் பார்த்து உதட்டைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். "என்னைக்காவது ஒருநாள் இந்தப் பக்கம் திரும்புன்னு சொல்லுவான்னுதான்."

அந்த வார்த்தையை நான் அவனுக்காகவே வைத்திருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். கழுதை என்றதற்கு, குப்பைத்தொட்டி என்றதற்கு, முப்பது வருஷத்துக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே போடாகப் போட. நாக்கு நுனிவரை வந்தது. அவன் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான், ஒரு வாய்கூடத் தின்றிருக்கவில்லை. அவன் சட்டைப்பையிலிருந்து அட்டை எட்டிப் பார்த்தது. சட்டைப்பைக்கு அது பெரிசு, ஆகவே மடிக்காமல் அப்படியே செருகியிருந்தான்.

"இல்ல," என்றேன். "சாண்ட்விச்சுல உப்பு பத்தலன்னு சொன்னா. அவ்வளவுதான்."

அவன் தலையாட்டினான். உப்பு பத்தலன்னு சொன்னாளா, என்று மெல்லத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, ஹெதரிடம் அதைச் சொல்லப் போனான்.